எட்டு ஜோடிச் செருப்புகள்

தைரியத்தைப் பற்றி நான் பேசினால் எங்கள் சபையில் பாதிப் பேர் சந்தோஷமாகக் கேட்பார்கள். அவர்கள் கணக்கில் நான் வாயாடி, வாயாடிக்குத் தைரியம் ஜாஸ்தி. ரேஷன் கடையில் எடை குறைந்தால் விடமாட்டேன். ராங் சைடில் வரும் ஆட்டோக்காரரை நடுரோட்டில் நிறுத்திக் கேட்பேன். ஜெபம் பண்ண நின்றால் எனக்கு மைக்கே வேண்டாம். அப்பேர்ப்பட்ட நான் திருவண்ணாமலையில் ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து உளறியதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

சென்னையிலிருந்து எங்கள் சபைப் பெண்கள் எட்டுப் பேர் வேன் பிடித்து ஐந்து நாள் ஊழியத்துக்குப் போயிருந்தோம். ஊழியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே ஷீட் கூரை போட்ட சின்ன ஜெபக்கூடம் ஒன்று இருந்தது. அதற்கு வெள்ளையடித்தோம், ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடித்தோம், கூப்பிட்டவர்கள் வீடுகளுக்குப் போய் ஜெபித்தோம். எங்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தவள் அந்தச் சபைப் பெண் ஒருத்தி. முப்பத்தைந்து வயதிருக்கும். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. கணவர் தவறி நான்கு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகளோடு வேங்கிக்காலில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தாள்.

வெள்ளிக்கிழமை நானும் அவளும் ஒரே ஜன்னலுக்கு ஆளுக்கொரு பக்கம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, நாளைக்கு எங்க வீட்ல ஜெபம் வெக்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா பயமாவும் இருக்கு. முன்ன இருந்த வீட்ல பாட்டுச் சத்தம் கேட்டுட்டுத்தான் காலி பண்ணச் சொன்னாங்க. இந்த வீடு கிடைக்க நாலு மாசம் அலைஞ்சேன். புள்ளைங்க ஸ்கூலு பக்கத்துலயே. இதுவும் போச்சுன்னா எங்க போவேன்?"

"நீ சர்ச்சுக்குப் போறது வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவர் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. எனக்குத் தைரியம் வரணும்னு ஜெபம் பண்ணுங்கக்கா."

இதைத்தானே நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்! பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையில் கை வைத்து, தெருமுனை வரை கேட்கிற மாதிரி ஜெபித்தேன். ஆண்டவரே, உம்முடைய மகளுக்குப் பயத்தை நீக்கும், மனுஷர் முன்னால் நிமிர்ந்து நிற்கும் தைரியத்தைத் தாரும் என்றெல்லாம் ஒரே அடுக்கு. ஆமென் சொல்லிக் கையை எடுத்துப் பார்த்தால் அவள் தலையில் என் கை அச்சு பச்சைப் பெயின்ட்டில் பதிந்திருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். வெளிப்பக்கமாக மாடிப்படி. எட்டுப் பேரும் படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அவள் வாசலை எட்டிப் பார்த்து, "ஐயோ, இவ்ளோ செருப்பைப் பாத்தா என்னா கூட்டம்னு கேப்பாரே" என்றாள்.

"நீ உள்ள இரு, நான் பாத்துக்கறேன்" என்று எழுந்தேன். எதற்கெடுத்தாலும் நான் பார்த்துக்கொள்வதுதானே வழக்கம்! உள்ளே எல்லோரும் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார்கள். நான் தோளில் பைபிள் பையோடு படியில் உட்கார்ந்து, கிடைத்த ஒரு கோணிப்பையில் செருப்புகளை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன். ஆறாவது ஜோடியைக் கையில் எடுத்தபோது கீழேயிருந்து குரல் வந்தது.

"யாருங்க அது? எதுக்குங்க செருப்பை மூட்டை கட்டறீங்க?"

வீட்டுக்காரர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், நெற்றி நிறைய விபூதி. அவர் மிரட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குள், அவர் கத்துவார், தெருவே கூடும், யாராவது செல்போனில் படம் பிடிப்பார்கள் என்று ஒரு நொடியில் எல்லாம் ஓடியது.

"சொந்தக்காரங்கதாங்க. அண்ணாமலையார் தரிசனத்துக்கு வந்தோம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று.

அந்த மனுஷர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிங்களா! இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தியா?"

"ஆமாங்க, ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னோம்."

அதோடு விட்டிருக்கக் கூடாதா! அவர் இரண்டு படி ஏறி வந்தார். "கோச்சுக்காதீங்கம்மா. என் சம்சாரம் கால் எலும்பு முறிஞ்சு படுத்துக்கினு இருக்கா. கோயிலுக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சுன்னு தினம் அழுவுறா. நான் வாங்கியாந்தா மனசு ஆற மாட்டேங்குது, அவளுக்காக யாராச்சும் வேண்டிக்கினு குடுத்தா சந்தோஷப்படுவா. விபூதி வெச்சிருந்தா ஒரு சிட்டிகை குடுப்பீங்களா?"

"இருக்குங்க. தரேன்" என்று சொன்னேன். பையில் கையும் விட்டேன். விரலில் பைபிளின் ஜிப்தான் பட்டது.

அப்போது எனக்குப் பின்னால் அவள் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"ஐயா, இவங்க கோயிலுக்குப் போகலைங்க. சர்ச்சுலேர்ந்து வந்திருக்காங்க. நான்தான் ஜெபம் பண்ணக் கூப்டேன். நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குத்தான் போறேன். உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும், பயந்துகினு சொல்லல. மன்னிச்சுக்கங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "இல்லன்னா இல்லைன்னு சொல்லியிருக்கலாமேம்மா. சாமி பேரைச் சொல்லியா பொய் சொல்றது?" என்றார். பிறகு அவளிடம், "வீட்டைப் பத்தி மாசக் கடைசில பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் கோணிப்பையோடு எழுந்தேன். "உன் வீடு போயிடக் கூடாதுன்னுதாம்மா அப்படிச் சொன்னேன்" என்றேன். அதுவும் பொய்தான். அந்த நேரத்தில் நான் தப்பித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

"தெரியும்க்கா" என்றாள். "ஆனா கீழ படுத்திருக்கற அந்தம்மாவுக்கு என்னாத்தக் குடுத்திருப்போம்?"

உள்ளே போனதும், யார் வந்தது என்று கேட்டார்கள். "வீட்டுக்காரர். பேசிட்டேன்" என்றேன். அவள் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொடுத்தாள். எனக்கு மட்டும் சர்க்கரை கம்மி என்பதைக்கூட மறக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒரு கோழையின் கதையாகப் போயிருக்கும். ஊழியம் போய் வந்தவர்கள் அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல வேண்டும் என்பது எங்கள் சபையில் வழக்கம். மற்றவர்கள் வெள்ளையடித்ததையும் வேன் பஞ்சரானதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். கடைசியாக மைக் என்னிடம் வந்தது. முன்னூறு பேர். எல்லா முகமும் என் வாயையே பார்த்தது. நான் மாடிப்படியைச் சொன்னேன், வீட்டுக்காரரைச் சொன்னேன். அந்த இடம் வந்தபோது, "'நாங்கள் சர்ச்சிலிருந்து வந்திருக்கிறோம், இந்தத் தங்கைக்காக ஜெபிக்க வந்திருக்கிறோம்' என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்" என்றேன். கைதட்டலிலும் அல்லேலூயாவிலும் கூரை அதிர்ந்தது. சீ, என்ன ஜென்மம் நான்! அவளுடைய வார்த்தைகளைத் திருடி என் வாயில் போட்டுக்கொண்டேன். அந்தக் கைதட்டல் எனக்கு இனிக்கவும் செய்தது.

சபைப் பையன்கள் அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். ஊழியத்தின்போது நாங்களே சேர்த்துவிட்டதால் அந்தக் குரூப்பில் அவளும் இருந்தாள். அது எனக்கு மறுநாள் அவள் போன் வந்த பிறகுதான் உறைத்தது.

"அக்கா, வீடியோ பாத்தேன்."

"புள்ளைங்க நல்லா இருக்காங்களாம்மா?" என்று பேச்சை மாற்றப் பார்த்தேன்.

"புடவை நல்லா இருந்துச்சுக்கா."

அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம். வீட்டைப் பற்றிக் கேட்டேன். "ஒண்ணும் சொல்லலக்கா. மாசக் கடைசி வரட்டும்" என்றாள். விடுதியில் கூட வேலை செய்கிற ஒரு அம்மா தினம் கோயிலுக்குப் போகிறவராம். அவரிடம் சொல்லி, வீட்டுக்காரர் மனைவிக்காக வேண்டிக்கொண்டு விபூதி வாங்கிவரச் செய்து, கீழே கொடுத்துவிட்டாளாம். "தரேன்னு சொல்லிட்டோம்ல" என்றாள். சொன்னது நான். "சொல்லிட்டோம்" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த வீடியோவை வீட்டுக்காரருக்குக் காட்டிட்டியா?"

"காட்டலக்கா. காட்டுனா நீங்க திரும்பி இந்தப் படி ஏற முடியாதுல்ல? நீங்க வரணும்ல."

போனை வைத்துவிட்டு அழுதேன். கிருபை, கிருபை என்று எத்தனை வருடமாகத் தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன்! நான் அவளுக்குச் செய்தது தெரிந்தும், எனக்கு இன்னும் அவள் வீட்டில் இடம் வைத்திருந்தாள். அதுவும் அந்த வீடு அவளுக்கே நிலையில்லாத சமயத்தில். ஆண்டவர் என்னிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது. புரிந்தபோது சந்தோஷமாக இல்லை, கூச்சமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு போதகரிடம் போய், "ரெண்டு நிமிஷம் மைக் வேணும்" என்றேன். "இன்னொரு சாட்சியா?" என்று மலர்ந்தார். மேடை ஏறினேன். எனக்குத் தைரியம் தாரும் என்று எனக்காக நான் கேட்டது அன்றைக்குத்தான், அதுவும் சத்தமில்லாமல். போன வாரம் நான் சொன்னது பொய் என்றேன். கோயிலுக்கு வந்தோம் என்று சொன்னதையும், விபூதி தருகிறேன் என்று பையில் கைவிட்டதையும், உண்மையைச் சொன்னவள் யார் என்பதையும், அதனால் அவள் வீடு போகலாம் என்பதையும் சொன்னேன். ஒரு அல்லேலூயா இல்லை. யாரோ இருமினார்கள். போதகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு திருவண்ணாமலைக்கு வந்திருந்த ஏழு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பையன்கள் இதையும் வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே அவள் போன் வந்தது.

"அக்கா, இந்த வீடியோவை வீட்டுக்காரருக்குக் காட்டிட்டேன்."

"அடிப்பாவி! அதை ஏன் காட்டுன?"

"மொதல்லதக் காட்டல. இதக் காட்டலாம்லக்கா. ரெண்டு தடவ போட்டுப் பாத்தாரு. படுத்திருக்கற அந்தம்மாகிட்டயும் எடுத்துனு போயிக் காட்டுனாரு."

"என்ன சொன்னாரு?"

"'அடுத்த தடவ வந்தா செருப்பை மூட்டை கட்ட வேணாம்னு சொல்லு. படியிலயே விடட்டும்'னாரு."

"சரிம்மா, வீட்டைப் பத்தி என்ன சொன்னாரு?"

"அதாங்க்கா சொன்னேன்."