மெஷினில் பெட்டரி குறைவு

என் தங்கை நஸீமாவுக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவளுடைய சிறுநீரகத்தை வாங்கி என் உடம்பில் வைத்துக்கொண்டேன்.

இதற்கு மேல் சுற்றி வளைக்க என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் இத்துடன் நிறுத்திவிட்டு என்னைக் காறித் துப்பினாலும் நியாயமே! ஆனால் கொஞ்சம் பொறுங்கள்... எப்படிச் செய்தேன் என்பதையும் கேட்டுவிட்டுத் துப்புங்கள்.

அலவத்துகொடையில் எனக்கு ஒரு மிளகு, கராம்புக் கடை. நாற்பதைத் தாண்டிய கையோடு என் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரத்தில் மூன்று காலைகள் பஸ் ஏறி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் நின்று தவித்து, கண்டியில் இரத்தம் கழுவும் கட்டிலில் போய் விழுவேன். பக்கத்துக் கட்டிலில் சிரித்துப் பேசியவர் அடுத்த முறை இருக்கமாட்டார். கட்டில் மட்டும் புது விரிப்போடு இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து என் மனம் மரத்துவிட்டது என்று சொல்லட்டுமா? இல்லை, அது சாக்கு. எனக்குச் சாகப் பயம். அவ்வளவுதான்.

மனைவியின் இரத்தம் பொருந்தவில்லை. நஸீமாவினுடையது பொருந்தியது. புருஷனைக் கட்டாருக்கு அனுப்பிவிட்டு, குண்டசாலையில் ஒரு வாடகை வீட்டில் அபாயா தைத்துக் காலம் தள்ளுகிறவள் அவள். நான் வாய் திறந்து கேட்கக்கூட இல்லை.

"நானா, எனக்கு ரெண்டு ஈக்குதானே! ஒண்ட எடுங்க" என்றாள். வீட்டில் இரண்டு குடை இருந்தால் ஒன்றைக் கொடுப்பதைப் போல அத்தனை இலகுவாக!

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் குடும்பத்துக்கே என் வீட்டில்தான் சாப்பாடு. வாப்பா மௌத்தான பிறகு மூத்தவன் வீட்டில் கூடுவது எங்கள் வழக்கம். சாப்பிட்டு முடித்து, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு ப்ளேன்டீ குடிக்கும் வேளையில் என் பிரஷர் மெஷின் கை மாறிக் கை மாறிப் போகும். நோயாளி வாங்கிய மெஷின் மற்றவர்களுக்கு விளையாட்டுச் சாமான்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைகள் தொடங்குவதற்கு முந்திய வெள்ளி அன்று, நஸீமாவும் கையை நீட்டினாள். நான்தான் பட்டியைச் சுற்றினேன். எண்கள் ஏறின... நூற்று அறுபதையும் தாண்டி நின்றன! சற்றுப் பொறுத்து மறுபடி அமுக்கினேன். இறங்கவில்லை. மற்றக் கையிலும் பார்த்தேன். அதே கதை.

"என்ன நானா, கூடவா ஈக்குது?"

அந்த நொடியில் எனக்குள் ஓடியது என்ன தெரியுமா? தங்கைக்கு வருத்தம் என்பதல்ல. எனக்குக் கிடைக்கவிருந்தது கைநழுவிப் போகிறதே என்பதுதான்! அழுத்தம் உள்ளவளைக் கொடையாளியாக எடுக்க யோசிப்பார்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

"ஒண்டுமில்ல புள்ள. மெஷின்ல பெட்டரி கொறஞ்சீக்கு" என்றேன்.

நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? அவளுடைய நிக்காஹ்வில் வாப்பாவின் இடத்தில் வலியாக, அவளுக்குப் பொறுப்பாளனாக நின்று அவளைக் கைப்பிடித்துக் கொடுத்தவன் நான். நானா சொன்னால் அவளுக்கு மறுபேச்சில்லை.

மறுநாளே என்னுடைய அழுத்தக் குளிசைகளை உறையிலிருந்து பிரித்து, வெறுமையான விற்றமின் போத்தலொன்றில் போட்டேன். குண்டசாலைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். "ரத்தம் எடுக்கக்கொள்ள தல சுத்தாம ஈக்கும். காலையில ஒண்டு போடு" என்றேன். என் கண் முன்னாலேயே பிஸ்மி சொல்லி விழுங்கினாள்.

பிஸ்மி சொல்லி... நான் கொடுத்த பொய்யை!

பரிசோதனை நாட்களெல்லாம் அவளுடைய அழுத்தம் சீராகவே இருந்தது. பிரஷர் இருக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் அவள் இல்லையென்றாள். அவள் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் பேசாமல் நின்றவன்தான் பொய்யன். அறுவை முடிந்தது. நான் பிழைத்தேன். இனி அவளுக்குக் குளிசை கொடுத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை, நானும் கொடுக்கவில்லை. தன் வேலை முடிந்ததும் திரும்பிப் பாராதவன் நான்.

அவளோ, நானாவின் உடம்பில் அந்தச் சிறுநீரகம் நிலைக்கவேண்டும் என்று திங்களும் வியாழனும் நோன்பு பிடிப்பதாக நேர்ந்துகொண்டிருந்தாள். பொழுது படும்வரை ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் தையல் மெஷினில் குனிந்திருப்பாள். வீட்டில் சும்மா இருந்த எனக்குப் போன் போட்டு, "நானா, தண்ணி நல்லா குடிச்சீங்களா?" என்று கேட்பாள்.

சில வருடங்களில் அவளுடைய கால்கள் வீங்கத் தொடங்கின. தலையிடி. சிறுநீரில் நுரை. என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவளை இரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டு, என்னிடம் கதிரையைக் காட்டினார்.

"பாருங்கோ, இது ஒரு வட்டம். அழுத்தம் கூடிக்கொண்டே இருந்தால் சிறுநீரகத்தில இருக்கிற கலங்கள், அதாவது செல்லுகள், நெருக்கடிக்குள்ள போகும். அப்பிடிப் போன கலம் சும்மா இராது. தனக்கு இரத்தம் காணாதெண்டு நினைச்சு உடம்புக்குச் சேதி அனுப்பும். உடனே இரத்தக் குழாயள் இறுகும், உப்புத் தேங்கும், அழுத்தம் இன்னும் ஏறும். ஏறின அழுத்தம் திரும்பி வந்து அதே கலத்துக்குத்தான் அடிக்கும். ரெண்டு இருந்தால் பங்குபோட்டுத் தாங்கும். இவவுக்கு ஒண்டுதானே."

தனக்குக் காணாது, தனக்குப் போதாது என்று அலறி முழு உடம்பையும் நெருக்குகிற கலம்... எனக்கு அதை விளங்கிக்கொள்ள எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. நான் செய்ததும் அதுதானே!

பிறகு அவர் கேட்டார். "ஒப்பரேசனுக்கு முன்னமே இவவுக்குப் பிரஷர் இருந்ததோ? இருந்ததெண்டால் நாங்கள் வேற மாதிரி யோசிக்கவேணும். வடிவா ஞாபகப்படுத்திச் சொல்லுங்கோ."

உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்யைக்கூட நீங்கள் ஒருவேளை பொறுக்கலாம். இதை எப்படிப் பொறுப்பீர்கள்? அப்போது என் உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லை. கதவுக்கு அப்பால் என் தங்கை பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உண்மை அவளுக்கு மருந்தாகக்கூட ஆகியிருக்கும்.

"இல்ல டொக்டர்" என்றேன்.

அவள் முகத்தை நான் பார்க்கவேண்டுமே... அதற்குப் பயந்தேன். முதலில் மௌத்துக்குப் பயம், பிறகு முகத்துக்குப் பயம். என் பயங்களுக்கெல்லாம் அவளுடைய உடம்புதான் தீனியா?

நோன்பை விடவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பஸ்ஸில் நானும் மன்றாடினேன். "டொக்டருக்கு நேர்ச்சை வெளங்குமா நானா? ஒங்களுக்காகப் புடிக்கிற நோன்ப நான் எப்பிடி உடுற?" என்றாள். அந்த நோன்பை முறிக்க என்னிடம் ஒரேயொரு சொல் இருந்தது. அவள் யாருக்காக நோன்பிருக்கிறாளோ அவன் அதற்குத் தகாதவன் என்பதைச் சொன்னால் போதும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மருந்துகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். அழுத்தம் அடங்கவில்லை. அந்த ஒற்றைச் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. அதன் சோடியோ என் வயிற்றின் வலப்பக்கத்தில் சுகமாக இருக்கிறது. கையை வைத்தால் மேடு தட்டுப்படும். என் அழுத்தம் எப்போதும் சீர். எத்தனை கேவலமான சுகம் இது!

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தேன். நஸீமா ஏற்கெனவே வந்து, வீங்கிய கால்களை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்க நான் ஒத்திகை பார்த்திருந்தேன். இன்று சொல்லிவிடுவேன். அடித்தாலும், காறித் துப்பினாலும், குடும்பமே என் வாசலை மிதிக்காமல் போனாலும் சொல்லிவிடுவேன்.

"நானா, ஒருக்கா பாருங்க" என்று கையை நீட்டினாள்.

பட்டியைச் சுற்றினேன். எண்கள் ஏறின. நூற்றுத் தொண்ணூறில் போய் நின்றன. நான் வாயைத் திறந்தேன்... "நஸீமா, அண்டைக்கு நான்..."

அவள் மற்றக் கையால் என் கையைத் தடவிக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"பயப்புடாதீங்க நானா. மெஷின்ல பெட்டரி கொறஞ்சீக்கும். முந்தியும் ஒருக்கா இப்பிடித்தானே காட்டின."

நான் எழுந்தேன். அலுமாரியைத் திறந்து, புதுப் பெட்டரிகளை எடுத்து வந்து, மெஷினில் போட்டேன்.