எதிர் வீட்டுக்குப் போன தூண்கள்

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. நான்கு தேக்குத் தூண்கள் கூரையைத் தாங்கின. எதிர் வீட்டுக்காரி எழுபதுகளிலேயே மாடி கட்டிவிட்டாள். மலையுச்சியில் ஏற்றும் கார்த்திகை தீபத்தைப் பார்க்க நாங்கள் அவள் மாடிக்குத்தான் போக வேண்டும். "பாத்து ஏறுங்கக்கா, உங்களுக்குப் படி ஏறிப் பழக்கமில்லையே" என்பாள். வருஷா வருஷம் எனக்கு வயிறு எரியும்.

அவளுக்குத் தெரிந்த இங்கிலாந்துக்காரர் ஒருவர், ஆசிரமத்துக்கு வந்தவர், எங்கள் தூண்களைத் தடவித் தடவிப் பார்த்தார். தன் ஊர் வீட்டுப் போட்டோவைக் காட்டினார். கறுப்பு மரச்சட்டங்கள், நடுவில் வெள்ளைச் சுவர். முந்நூறு வருஷமாக ஜன்னலை மாற்றினார்களாம், அடுப்படியை மாற்றினார்களாம், மரத்தில் மட்டும் கை வைக்கவில்லையாம். இடித்துக் கட்ட வக்கில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

என் நச்சரிப்பு தாங்காமல் வீட்டுக்காரர் கூரையைப் பிரித்துக் கான்கிரீட் போட்டார். தூண்களைப் பழைய மரக்கடைக்குத் தள்ளினோம். வேலை முடியும்வரை ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் வாடகைக்கு இருந்தோம். கார்த்திகையன்று காலையில் பால் காய்ச்சிக் குடிவந்தோம்.

சாயங்காலம் முதல் ஆளாக என் மாடிக்கு ஏறினேன். எதிர் மாடியில் புதிதாக ஓர் ஓட்டுத் தாழ்வாரம். வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடக் கட்டியிருக்கிறாள். அதைத் தாங்கி நின்றவை என் தூண்கள். துணி காயப்போடும் கயிற்றுக்காக நான் அடித்த ஆணிகூட அப்படியே இருந்தது.

தீபம் ஏற்றியதும் தெருவே அரோகரா என்றது. என் தூணில் சாய்ந்தபடி அவளும் கும்பிட்டாள். நான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளையே பார்த்து நின்றேன்.