கூட்டாளி செய்த வாள்

என் கணவர் கல்யாணத்துக்கு முன் நைஜீரியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு சூட்கேஸும் ஒரு வாளும்தான். "இத செஞ்சவன் எனக்குக் கூட்டாளி" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. வாயில் பூட்டுப் போட்ட மனுஷன். மாத்தளைக் கடைத்தெருவில் யாரைக் கண்டாலும் தலையாட்டிவிட்டு நடப்பார். இங்கே கூட்டாளி என்று ஒருவரும் கிடையாது.

அவர் போனபின் எல்லோருக்கும் சொல்லியாயிற்று, அந்தக் கூட்டாளிக்குத்தான் சொல்லவில்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. உண்மையில் சாவுச் செய்தி ஒரு சாக்குத்தான். அவருடைய வாலிபத்தைப் பார்த்த ஓர் ஆளோடு பேச வேண்டும் போலிருந்தது. ஆனால் பேர் தெரியாது, ஊர் தெரியாது.

உக்குவளையில் இருக்கும் என் தங்கை மகள் வந்து வாளைப் படம் எடுத்து, பழைய வாள்களை ஆராய்கிற ஒருவருக்கு இணையத்தில் அனுப்பினாள். பதில் வந்ததும் போனில் சொன்னாள். பித்தளைப் பிடியையும் சிவப்புத் தோல் உறையையும் பார்த்தால் வடக்கு நைஜீரியா ஹௌசா இனத்துக் கொல்லர் வேலையாம். எந்த ஊர், யார் கை என்பதைப் பிடிக்குக் கீழே அடித்த முத்திரைதான் சொல்லுமாம்.

"முத்திரை எங்க பெரியம்மா? படத்துல அந்த எடம் கண்ணாடி மாதிரி இருக்கே."

வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு அரிவாள்மனை, கத்தரிக்கோலோடு அந்த வாளையும் முற்றத்தில் போட்டு, புளியும் செங்கல் தூளும் வைத்துத் தேய்த்தது நான்தான். பொட்டு வைக்கும் இடம் என்று பிடிக்குக் கீழே இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். அங்கே ஏதோ கீறல் இருந்தது. கறை என்று நினைத்தேன். அவர் கதவடியில் வந்து நிற்பார்.

"போதும் விடு. மெதுவா."

என் கை நோகும் என்றுதான் சொல்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அந்தப் பெருமையில் இன்னும் நாலு தேய் தேய்ப்பேன். "முத்திரையடி, விட்டு வை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இப்போதும் அவர் மேல் கோபம் வருகிறது. ஒருவேளை என் கைக்காகவும்தான் சொன்னாரோ என்னவோ. கேட்க ஆள் இல்லை.

இந்த வருஷ ஆயுத பூசைக்குப் புளியைத் தொடவில்லை. ஈரத் துணியால் மட்டும் துடைத்தேன். துடைத்து முடிந்த பிறகும் கை துடைத்துக்கொண்டே இருந்தது. போதும் என்று யாரும் சொல்லவில்லை.