சிலோண்டே சாலை வளைந்த கதை

ஜெலிட்டாவை ஊரில் யாரும் ஜெலிட்டா என்று கூப்பிட்டதில்லை. மூத்த மகளின் பெயரைச் சேர்த்து லுயாண்டோ அம்மா என்பார்கள். சிலோண்டேயில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து பெயரும் வைத்துவிட்டால் அவளுடைய சொந்தப் பெயரை மறந்துவிட வேண்டியதுதான். அவள் கவுன்சிலர் தேர்தலில் நின்றபோது சுவரொட்டியில் 'ஜெலிட்டா சியாம்விங்கா' என்று அச்சடித்திருந்தார்கள். பார்த்தவர்கள், "இது யாருடா புது ஆளு?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு சுவரொட்டியின் அடியிலும் 'மாவு மில் லுயாண்டோ அம்மா' என்று கரியால் எழுதிய பிறகுதான் ஓட்டு விழுந்தது.

ரயில் பாதைக்கு அப்பால், ஓடையைத் தாண்டி இருந்த ஊர்களுக்கெல்லாம் அவள் நடத்திய மாவு மில் ஒன்றுதான். சோளம் அரைக்க வரும் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசுவார்கள். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுவதால் எதுவும் ரகசியமாக இருக்காது. இமை வரை மாவு படிந்த முகத்தோடு ஜெலிட்டா கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்படிக் கேட்டவற்றில் அதிகம் அடிபட்டது சாலைதான். மழை பிடித்துவிட்டால் ஆம்புலன்ஸ் ரயில் கேட்டோடு நின்றுவிடும். பிரசவ வலி கண்ட பெண்களை மாடு இழுக்கும், சக்கரமில்லாத சறுக்குக் கட்டையில் படுக்கவைத்துச் சேற்றில் இழுத்துப் போவார்கள். ஜெலிட்டாவும் பத்தொன்பது வயதில் அப்படித்தான் போனாள். வழியிலேயே பிறந்தது. மூச்சு இல்லை. லுயாண்டோ பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

"ரோடு கொண்டு வருவேன்" என்று ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்துத்தான் அவள் ஜெயித்தாள்.

நகர சபையில் சாலை, ஊர்த் திட்டம், பொது நிலம் மூன்றையும் பார்க்க ஒரு குழு உண்டு. அதில் ஜெலிட்டா ஒருத்திதான் பெண். தலைவர் ஹாங்கோம்பே முன்பு ரயிலில் கார்டாக இருந்தவர். கூட்டத்தை ரயில் மாதிரியே நடத்துவார். நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், நடுவில் யாரும் இறங்கக் கூடாது. முதல் கூட்டத்தில் அவளைப் பார்த்து, "மில்லம்மா, இங்க அரைச்ச மாவையே அரைப்போம், உங்களுக்குப் பழகின வேலைதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, "அரைக்கிறது பரவாயில்ல தலைவரே, மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்" என்றாள். அன்றிலிருந்து அவருக்கு அவளிடம் ஒரு மரியாதை.

மற்றவர்கள் மனு வந்தால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தேவாலயத்துக்கு நிலம் கேட்டவர்கள் காட்டிய இடம் மாடுகள் தண்ணீருக்குப் போகும் வழி என்பதையும், சந்தைக்காரர்கள் கேட்ட மூலையில் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பதையும் அவள்தான் வந்து சொன்னாள். நான்கு வருஷம் இப்படிப் போனது. நான்காவது வருஷக் கடைசியில் சிலோண்டே சாலைக்கு நிதி வந்துவிட்டது.

பொறியாளர் கபாசோ வடக்கே இருந்து வந்தவர், இளைஞர், நிதானமான ஆள். சாலை போகும் வழி நெடுக, சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துக்கொண்டே வந்தார். ஜெலிட்டா மில்லை மூடிவிட்டுப் பெருமையாகப் பின்னாலேயே நடந்தாள். ஓடைக்கு அந்தப்பக்கம் முளைகள் நேராக அத்தி மரங்களுக்குள் போயின. அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, கால் வலிக்குதா?" என்று கேட்டார் கபாசோ.

"இல்ல சார். இது இப்படியேதான் போகணுமா?"

"நேர் வழி இதுதாம்மா. சபை நிலம், யாரோடதும் இல்ல. யார்கிட்டயும் கேட்க வேண்டியதில்ல."

அத்தி மரத்தடி மண் எந்தக் கோடையிலும் ஈரமாக இருக்கும். மூச்சில்லாமல் பிறந்த பிள்ளைகளுக்குத் துக்க வீடு கிடையாது, பாட்டு கிடையாது. பெண்கள் மட்டும் விடிவதற்குள் அங்கே கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். கல் வைப்பதில்லை. ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. ஏன் போவதில்லை என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாது. ஜெலிட்டா தன் மாமியாரோடு போய் வைத்துவிட்டு வந்த இடம் இரண்டாவது மரத்துக்குப் பக்கத்தில். முளை ஒன்று அதற்கு ஓரடி தள்ளி நின்றது.

மறுநாள் மில்லில் சோளம் அரைக்க வந்த பெண்களிடம் எஞ்சினை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். எஞ்சின் நின்ற மில்லில் யாருக்கும் பேசிப் பழக்கமில்லை.

எஸ்னாத் என்பவள்தான் முதலில் பேசினாள். காய்ந்த மீன் விற்பவள், வாய்த்துடுக்கு அதிகம். "ரோடு இல்லாமத்தானே பாதிப் பிள்ளைங்க அங்க போச்சு. இப்ப அதுங்க மேலயேவா ரோடு போடப் போறாங்க?"

"அதுக்காக ரோடே வேணாங்குறியா?" என்று மூலையிலிருந்து ருடியா கேட்டாள். அவளுடைய மகளுக்கு மழைக்காலத்தில் பிரசவம் வரும் கணக்கு. "போனது போச்சு. வயித்துல இருக்கிறதைப் பாருங்கடி."

"உனக்கென்ன, உன்னுது ஒண்ணும் அங்க இல்ல."

"யாரு சொன்னா உனக்கு?" என்றாள் ருடியா. எஸ்னாத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாக்குவாதம் நீண்டது. ஆண்களிடம் இதைச் சொல்லலாமா கூடாதா என்பதில்தான் அதிகம் இழுபட்டது. சொன்னால் கெடுதல் வரும் என்றார்கள் சிலர். சொல்லாமல் விட்டால் மண்வாரி எந்திரம் வந்து தோண்டும், அதைவிடப் பெரிய கெடுதல் என்ன என்றார்கள் சிலர். கடைசியில் ருடியாவே, "லுயாண்டோ அம்மா, பொம்பளைங்க இடம்னு மட்டும் சொல்லிப் பாரு. அதுக்கும் மசியலைன்னா உன் மனசுக்குப் பட்டதைப் பேசு. உன் பிள்ளையைப் பத்திப் பேச உனக்கு உரிமை இருக்கு, எங்களுதைப் பத்திப் பேசாதே" என்றாள். அதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

குழு கூடியபோது சாலையை வளைக்க வேண்டும் என்று ஜெலிட்டா சொன்னதும் ஹாங்கோம்பே கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலு வருஷமா ரோடு ரோடுன்னு எங்க காதைத் துளைச்சது நீங்கதானே மில்லம்மா? இப்ப வளைக்கச் சொன்னா என்ன அர்த்தம்?"

"அந்த மரத்தடி பொம்பளைங்களோட இடம், தலைவரே."

"என்ன இடம்? பீர் காய்ச்சுற இடமா?" என்றார் கோடியில் உட்கார்ந்திருந்த உறுப்பினர் ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஜெலிட்டாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள். மேஜைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"என் மூத்த பிள்ளை அங்க இருக்கு. லுயாண்டோவுக்கு முந்தி பிறந்தது. பிறக்கும்போதே மூச்சில்ல. நானும் என் மாமியாரும் கொண்டுபோய் வெச்சோம். இன்னும் நிறைய இருக்கு, அது யார் யாரோடதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க யாரும் கேட்கவும் வேண்டாம். உங்க வீட்டுலயும் இருக்கலாம்."

சிரித்தவர்களில் ஒருவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சரக்கு ரயில் ஒன்று போனது. கடைசிப் பெட்டி போகும் வரை ஹாங்கோம்பே காத்திருந்தார்.

"கபாசோ, வளைக்க முடியுமா?" என்று ஓரமாக உட்கார்ந்திருந்த பொறியாளரைக் கேட்டார்.

"முடியும் சார். கிழக்கால தள்ளினா முலேயாவோட சோளக்காடு வருது. அவர் சம்மதிக்கணும், மாத்து நிலம் கொடுக்கணும். அதெல்லாம் முடியறதுக்குள்ள மழை வந்துடும். இந்த வருஷ நிதி இந்த வருஷத்துக்குத்தான். வேற வட்டாரத்துக்குப் போயிடும்."

"கேட்டீங்களா மில்லம்மா?" தலைவர் குரலில் இப்போது கேலி இல்லை. "அடுத்த வருஷம் தேர்தல். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

விஷயம் ஊருக்குள் பரவ ரொம்ப நாள் ஆகவில்லை. அவள் கணவன் கெனானிக்குக் கரும்புத் தோட்டத்தில் வேலை; மாதக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். அந்த மாதம் நடுவிலேயே வந்து நின்றான். ஆண்கள் நடுவில் இதைப் பேசியதற்கு என்ன சொல்வானோ என்று ஜெலிட்டாவுக்குப் பயம். அவன் கை கால் கழுவி, சோளக்களியும் வெண்டைக்காயும் சாப்பிட்டு முடித்தான்.

"அப்ப எங்கிட்ட 'தங்கலை'ன்னு மட்டும்தான் அம்மா சொன்னாங்க" என்றான். "நானும் கேட்டுக்கல. கேட்கக் கூடாதுன்னு நினைச்சுட்டேன்."

"நீ கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்."

"ஆணா, பெண்ணா?"

"ஆண்."

அவன் தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தான். "எங்கன்னு காட்டுவியா?" என்றான்.

வெயில் தாழ்ந்ததும் போனார்கள். ஓடைக்கரையிலேயே அவன் நின்றுகொண்டான். அதற்கு மேல் போக மனம் வரவில்லை. ஜெலிட்டா உள்ளே போய் இரண்டாவது மரத்துக்குப் பக்கத்தில் நின்று காட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். திரும்பும் வழியெல்லாம் தோட்டத்து மேஸ்திரியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். அவளும் எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டிக்கொண்டே வந்தாள்.

முலேயா லேசில் மசியவில்லை. "பொம்பளைங்க கண்ணீருக்கு என் சோளமா கிடைச்சது?" என்று கேட்டார். ஹாங்கோம்பே தானே மூன்று தடவை சைக்கிளில் போய் அவரோடு உட்கார்ந்து புளித்த சோளக்கூழ் குடித்தார். ரயில் பாதைக்கு இந்தப்பக்கம், கிணறு இருக்கும் துண்டு நிலத்தை மாற்றாகக் காட்டிய பிறகுதான் அவர் வழிக்கு வந்தார். அதற்குள் மேகம் கறுத்துவிட்டது. கபாசோ சொன்னபடியே நிதி வேறு வட்டாரத்துக்குப் போனது.

அந்த மழையில் ருடியாவின் மகளுக்கு வலி எடுத்தது. சறுக்குக் கட்டையில்தான் இழுத்துப் போனார்கள். ஒரு பக்கம் ஜெலிட்டா, ஒரு பக்கம் எஸ்னாத் பிடித்துக்கொண்டு போனார்கள். மாடு இரண்டு இடத்தில் சேற்றில் படுத்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது தன் கையால் ஆனது என்பதைத் தவிர வழி முழுக்க வேறு எதையும் ஜெலிட்டாவால் நினைக்க முடியவில்லை. ரயில் கேட்டில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. அதற்குள் ஏற்றிக் கதவைச் சாத்தவும் குழந்தை பிறக்கவும் சரியாக இருந்தது. வீறிட்டு அழுதது. ஜெலிட்டா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ருடியா அவளைத் திட்டவில்லை. ஆனால் ருடியாவின் கணவன் ஊரெல்லாம் திட்டினான். "செத்ததுங்களுக்காக உயிரோட இருக்கிறதைச் சேத்துல இழுக்க வெச்சவ" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதால் அவள் மறுத்துப் பேசவில்லை. தேர்தலில் தோற்றாள். பால் வியாபாரம் செய்யும் சூங்கு என்ற இளைஞன் ஜெயித்தான். அடுத்த வெயில் காலத்தில் நிதி திரும்ப வந்து, மண்வாரியும் வந்தது. அத்தி மரங்களைச் சுற்றிக்கொண்டு சாலை கிழக்கே வளைந்து போயிற்று. திறப்பு விழாவில் சூங்கு மாலையோடு நின்றான். ஜெலிட்டா மில்லைத் திறந்து வைத்திருந்தாள். கூட்டம் கலைந்ததும் பெண்கள் சோளத்தோடு வருவார்கள் என்று தெரியும்.

லாரிக்காரர்கள் அந்த வளைவைத் திட்டாத நாளில்லை. "எந்த முட்டாள் இப்படி வளைச்சான்?" என்று மில்லில் வந்தே கேட்பார்கள். "படிச்சவங்க போட்டது, நமக்கென்ன தெரியும்" என்பாள் எஸ்னாத். வரிசையில் இருக்கும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

ஒரு கவலை மட்டும் ஜெலிட்டாவுக்குப் பாக்கி இருந்தது. சாலை வந்தால் மனை விலை ஏறும். மரத்தடி சபை நிலமாகவே கிடந்தால் நாளைக்கு யாராவது கடை கட்டக் கேட்பார்கள். அதனால் பெண்கள் சங்கத்தின் பெயரில் அந்த இடத்தைப் பொது நிலமாக ஒதுக்கித் தரச் சொல்லி ஒரு மனு போட்டாள். தான் உட்கார்ந்திருந்த அதே குழுவின் அறைக்கு வெளியே, மற்ற மனுதாரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். தேவாலயத்துக்காரர்கள் இரண்டு பேர், பிறகு அவள், அவளுக்கு அடுத்து கோழிப் பண்ணைக்காரர் ஒருவர்.

உள்ளே கூப்பிட்டார்கள். குமாஸ்தா புதியவர். "எந்த உபயோகத்துக்கும்மா? பள்ளிக்கூடம், மருத்துவமனை, சந்தை, தேவாலயம், இடுகாடு, இதுல ஏதாவது ஒண்ணு சொல்லணும். இடுகாடுன்னா சுகாதாரத் துறை வந்து பார்க்கணும்."

"எதுவுமில்லைங்க" என்றாள். "அப்படியே இருக்கணும்."

"அப்படியே இருக்கிறதுக்கு எப்படிம்மா நிலம் கொடுக்கிறது?"

குழுவில் அவள் இடத்தில் இப்போது உட்கார்ந்திருந்த சூங்குதான் தலைவர் ஹாங்கோம்பேயைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அவன் அம்மா மில்லுக்கு வருகிறவள். கிழவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மரம்னு எழுதுங்க தம்பி" என்றார். "மரம் வளர்க்கிறாங்க. அடுத்த மனு யாருது? கோழிப் பண்ணையா? வரச் சொல்லுங்க, நேரமாகுது."

ஜெலிட்டா எழுந்து நன்றி சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த காகிதத்தை இழுத்துக்கொண்டார். வெளியே கோழிப் பண்ணைக்காரர் அவளை நிறுத்தி, "என்னம்மா, உள்ள எப்படி இருக்காங்க? கொடுக்கிற மனசா?" என்று கேட்டார்.

"கொடுப்பாங்க" என்றாள் அவள். "இடம் தாழ்வா இருந்தா மட்டும் இப்பவே சொல்லிடுங்க. தண்ணி நிக்கும்."