அக்காவின் நாவல் மரங்களில் கொக்குக் கூடுகள்

பிள்ளைகளே, பிரியாணியில் அகப்பட்டால் நீங்கள் தட்டோரம் ஒதுக்குகிறீர்களே, அந்தக் கறுப்புச் சருகு இலை அல்ல. கல்பாசி. மலையில் மரப்பட்டையைப் பற்றி வளர்வது. உங்கள் அத்தை, என் அக்கா, அதை உரித்து விற்றுத்தான் பிழைத்தாள்.

ஜவ்வாது மலையில் அவள் வாழ்க்கைப்பட்ட ஊரில், அடுத்தவர் மரத்துப் பாசியில் கை வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. புருஷன் செத்த பிறகு அவளுக்கு மிஞ்சியவை ஓடை மடுவை ஒட்டிய நாவல் மரங்கள். சரிவிலிருந்த மரங்களெல்லாம் அவள் கொழுந்தனாருக்கு.

இரண்டு வருஷம் மடுவில் மீன் பெருத்தது. கொக்கும் நீர்க்காக்கையும் கூட்டமாக வந்து அந்த நாவல் மரங்களிலேயே கூடு கட்டின. எச்சம் வழிந்து பட்டை வெளுத்தது. அதன் காரத்தில் கல்பாசி வெந்த மாதிரி சுருண்டு உதிர்ந்தது. அந்த இடத்தில் மஞ்சளாக வேறு பாசி படர்ந்தது. மாவு தூவினாற்போல் இருக்கும், மணம் கிடையாது. வாணியம்பாடி வியாபாரி அதை மோந்துவிட்டுக் கீழே கொட்டினார்.

பாசி உரிக்கும் நாளில் அவளுக்குத் துணையாக நான் கண்ணமங்கலத்திலிருந்து ஏறிப் போவேன். அந்த முறை போனபோது அக்கா கொழுந்தனாரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டே ரெண்டு மரம் வுடு. உரிக்கறதுல பாதி உனுக்கு."

"இன்னாங்க அண்ணி, கொக்கு உன் மரத்துக்கெல்லாம் கூலி வாங்காம வெள்ளையடிச்சிக் குடுத்துக்குது, இன்னும் இன்னா வோணும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா வீட்டுக்குள் போய்த் துரட்டியை எடுத்து வந்தாள். கூடுகள் போனால் பாசி திரும்பிவிடும் என்று நம்பினாள். நானும் நம்பினேன்.

நாங்கள் கூடுகளை இழுக்க ஆரம்பித்ததும் கொழுந்தனாரும் சிரித்தவர்களும் கழிகளோடு வந்தார்கள். உதவிக்கல்ல, கறிக்கு. இறகு முளைக்காத குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. பெரிதாய் இருந்ததைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்கள். மற்றதை நாய்கள் தின்றன. தாய்ப்பறவைகள் தலைக்கு மேல் கத்திச் சுற்றின.

கூடை நிறைந்த பிறகுதான் கொழுந்தனார் சொன்னார்: "பாசி வரும் அண்ணி. பத்து வருசம் ஆவும்."

"தெரிஞ்சேவா கூட வந்து இழுத்த?"

"நீ கேக்கவேயில்லையே."

மறுநாள் காலை அக்கா வாணியம்பாடிக்குத் தோல் கிடங்கு வேலைக்கு இறங்கிப் போனாள். எச்சமும் மஞ்சளுமாக மரங்கள் அப்படியே நின்றன. ஒரு குஞ்சு மட்டும் கிளைக் கவட்டில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது. என்னைக் கண்டதும் இரைக்கு வாய் திறந்தது. துரட்டியால் இழுத்துக் கீழே போட்டு, குதிகாலால் மிதித்தேன்.