சுக்குக் கிடங்கைப் பார்க்க வந்த டாக்டர்

தொண்ணூறுகளின் நடுவில், நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அம்மாவுக்கு இருமல் பிடித்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் தினக்கூலி. நிரந்தர வேலைக்காரர்களுக்கு வைத்தியத்துக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது; கூலிக்காரர்களுக்கு இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் நடந்த இலவசக் கிளினிக்குக்கு அவளை இழுத்துப்போனேன்.

எர்ணாகுளத்திலிருந்து படகில் வரும் ஒரு பெண் டாக்டர் அங்கே இருந்தார். அவர் பேசியது மலையாளம். என் நினைவில் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அம்மாவுக்கும் மலையாளம் தெரியும். ஆனால் உடம்பைப் பற்றிச் சொல்ல அவளுக்குத் தமிழ்தான் வரும். நான் நடுவில் உட்கார்ந்தேன்.

"லீவு நாள்ல இருமல் எப்படி?" என்றார் டாக்டர்.

அம்மா யோசித்தாள். "ஓணத்துக்கு ஊருக்குப் போனப்ப இருமவே இல்லையே!" அவளுக்கே அது அப்போதுதான் தோன்றியது.

"என்ன வேலை?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "சொல்லாதடீ. மொதலாளி காதுக்குப் போனா வேலை போயிரும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "எனக்கும் கொஞ்சம் தமிழ் மனசிலாகும், சேச்சி. யார் பேரையும் சொல்ல மாட்டேன்."

அம்மா சொன்னாள். சுண்ணாம்பு நீரில் முக்கிக் காயவைத்த சுக்கைச் சலிக்கும் வேலை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சுக்கு அப்படித்தான் வெள்ளையாகுதா? ஒரு தடவை பார்க்கணுமே!"

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அந்த வாரமே, சுக்கு வாங்க வந்தவர்போல, என்னையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்குள் நுழைந்தார். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. சலிக்கும் பெண்களின் இமைகளில்கூட வெள்ளைத்தூள். அம்மா எங்களைத் தெரியாதவள்போலக் குனிந்துகொண்டாள். சிறிது நேரத்திலேயே டாக்டருக்கு இருமல் வந்துவிட்டது. கண்ணில் நீர் வழிய, மேஸ்திரியிடம், "இதை வெளியே வச்சுச் சலிக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"மழை பெஞ்சா சரக்கு கேடாகும், மேடம்."

பதில் சொன்னது அம்மா. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "பின்னாடி வண்டி நிறுத்துற ஷெட்டு இருக்கே. கூரையும் இருக்கு, காத்தும் இருக்கு."

மேஸ்திரி அவளை முறைத்தார். திரும்பும் வழியில் படகுத்துறையில் என் மனதில் இருந்ததை டாக்டரிடம் கேட்டேன். "கூலியில்லாம எதுக்கு இவ்வளவு தூரம் வர்றீங்க?"

"ஆஸ்பத்திரியில வெளியே வரிசை நிக்கும். மருந்து எழுதவே நேரம் போதாது. இங்கே எனக்குச் சந்தேகம் தீர்ற வரைக்கும் கேட்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பாதி நாள் எனக்குத் தெரியாததுதான் அதிகம்," என்றார்.

டாக்டர்கள் இப்படிப் பேசுவார்களா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அம்மா தன்னோடு சலிக்கும் பெண்களையும் அழைத்து வந்தாள். எல்லோருக்கும் அதே இருமல். மறுநாள் அவர்கள் சேர்ந்து போய் முதலாளியிடம் ஷெட்டைக் கேட்டார்கள். உடனே கிடைக்கவில்லை. இரண்டு பேர் வேலைக்கு வராமல் இருமலில் படுத்த பிறகுதான் சல்லடைகள் வெளியே போயின. யாருக்கும் வேலை போகவில்லை.

அம்மாவின் இருமல் முழுதாக விடவில்லை. மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும். ஆனால் படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது. நான் படிப்பு முடிந்தும் சில வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மொழிபெயர்க்கப் போனேன். ஒரு நாள் வாசலில் மேஸ்திரி நின்றார், இருமும் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு. உள்ளே வரக் கூச்சம்.

மருந்துக்காக வந்திருந்த அம்மா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"வந்து இரிங்க, சேட்டா," என்றாள். "அவங்க நெறைய கேப்பாங்க. எல்லாத்தையும் சொல்லிருங்க."