இரண்டாம் பாகமும் என் காதுகளும்

அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் நல்ல படமா, குப்பையா என்று என்னிடம் யாரும் கேட்காதீர்கள். போன வாரம் அதை மறுபடியும் தியேட்டரில் போட்டிருக்கிறார்களாம். ஆபீசில் காலையிலிருந்து அதே பேச்சு. முதல் பாகம்தான் படம் என்று ஒரு கூட்டம், இரண்டாவதில்தான் கதையே இருக்கிறது என்று இன்னொரு கூட்டம். போதாததற்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு புண்ணியவான் போஸ்டரை வேறு அனுப்பிவிட்டான். உடனே அப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். இருவருக்கும் தலை நரைத்தாகிவிட்டது, மூட்டு வலி வந்தாகிவிட்டது, இந்தச் சண்டை மட்டும் ஓயவில்லை. இந்தச் சண்டைக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

புதையல் தேடிப் போகும் வெள்ளைக்காரன் கதை. தமிழில் பேசவைத்து ஊரெல்லாம் ஓட்டினார்கள். முதல் பாகத்தில் கூடவே வந்த சிநேகிதன் காட்டிக்கொடுத்துவிடுவான். கதாநாயகன் எல்லாவற்றையும் ஆற்றில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவான். இரண்டாம் பாகத்தில் அதே துரோகி திருந்தி வந்து நிற்பான், இவனும் அவனைச் சேர்த்துக்கொண்டு மறுபடி ஆற்றுக்குப் போவான், சுழலில் சிக்கிய அவனைக் கைவிடாமல் கரையேற்றுவான். அவ்வளவுதான் கதை. இதற்கு இரண்டு குடும்பஸ்தர்கள் வெட்டிக்கொள்ள வேண்டுமா?

எங்களுக்குப் பாகூரை அடுத்த செலியமேட்டில் நெல்லும் கரும்பும். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் எலக்ட்ரிக் சாமான் கடை. இரண்டு பாகங்களுக்கும் எங்களைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போனவர் அவர்தான். இரண்டாவது முடிந்து வெளியே வந்ததுமே அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். துரோகியை மன்னிப்பதாம், அது ஒரு படமாம். மாமாவுக்கோ அந்த மன்னிப்புதான் உயிர். எங்களை வீடு சேர்க்க மாமாவும் கூடவே வந்தார், பஸ் பாகூர் வந்து சேரும் வரை இருவருக்கும் வாய் ஓயவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆவணியில் பாகூரில் பெரியப்பா மகளுக்கு வளைகாப்பு. பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலை. பேச்சு எப்படியோ படத்துக்குப் போய்விட்டது. அப்பா சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "துரோகிக்குப் பரிஞ்சி பேசறவன் இன்னா யோக்கியனா இருப்பான்?"

மாமா ரசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். பெண் கொடுத்த வீட்டு ஆள் பாதிப் பந்தியில் எழுந்து போவதென்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பொங்கல் வரிசை வந்தது. ஆனால் அவர் வரவில்லை, கடைப் பையன் பஸ்ஸில் எடுத்து வந்தான். அம்மா பையனுக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு, வந்த கரும்பை அப்படியே சுவரில் சாய்த்து வைத்தாள். காய்ந்து போகும் வரை அதை யாரும் தொடவில்லை.

எனக்கு அந்தக் கரும்பைப் பற்றிய கவலை இல்லை. என் கவலை என் காதுகள். ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டியது. அந்த வருடம் பங்காளி வீட்டில் சாவு. மூன்றில் எனக்கு அம்மை போட்டுவிட்டது. ஐந்தில் மாமாவுக்குக் கல்யாணம், ஒரே வருடத்தில் இரண்டு விசேஷம் வேண்டாம் என்று யாரோ ஒரு மகராசி சொல்லிவைத்தாள். ஆக ஏழு வயதில், வகுப்பில் தோடு இல்லாத ஒரே பெண் நான்தான். கிராப்பு வேறு வெட்டிவிட்டிருந்தார்கள். புது டீச்சர் என்னைப் பையன்கள் வரிசையில் உட்காரச் சொன்னாள். சித்திரை வந்தால் எட்டு வயது. எட்டு இரட்டைப்படை, ஆகாது. அப்புறம் ஒன்பது வரைக்கும் மொட்டைக் காதோடு திரிய வேண்டியதுதான்.

தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. அவரை அழைக்க வேண்டுமென்றால் அப்பா அம்மாவோடு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். அப்பாவோ, "தட்டு தூக்கினு நான் போவணுமா? எழுந்து போனவன் அவன்" என்று முடித்துவிட்டார். அம்மா இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. பெரியவர்களை நம்பிப் பயனில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் அவள் போனை எடுத்து மாமாவுக்குப் போட்டேன். இரண்டாம் பாகம்தான் நல்ல படம் என்று அப்பா சொல்லிவிட்டார் என்றேன். மாமா, "உங்கப்பனே சொன்னாரா?" என்று மட்டும் கேட்டார். மோட்டார் கொட்டகைக்கு ஓடினேன். முதல் பாகம்தான் படம் என்று மாமா ஒத்துக்கொண்டார் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எப்படி நம்பினார்கள் என்று கேட்காதீர்கள். நீதான் ஜெயித்தாய் என்று சொன்னால் எந்த ஆம்பிளைதான் நம்பமாட்டான்?

மறுநாளே அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, அம்மாவையும் தட்டையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு வில்லியனூர் போனார். அங்கே இருவரும் படத்தைப் பற்றி மூச்சு விடவில்லையாம். தோற்றவனைக் குத்திக்காட்டக் கூடாது என்று இருவருக்கும் பெருந்தன்மை.

பங்குனியில் குலதெய்வம் கோயிலில் விசேஷம். மாமா பட்டுப்பாவாடையும் தோடும் கொண்டுவந்தார். மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டார். பத்தர் காதில் சந்தனப் பொட்டு வைத்து ஊசியை எடுத்தார். முதல் காது குத்தியதும் நான் போட்ட சத்தத்தில் கோயில் மரத்துக் காக்காயெல்லாம் பறந்தது. மாமா என் தலையைத் தடவிக்கொண்டே, அப்பாவைப் பார்த்துப் பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னார்:

"நீங்க ஒத்துக்கினதே எனக்குப் போதும் மாமா."

"நான் இன்னாத்த ஒத்துக்கினேன்? நீதானே ஒத்துக்கின?"

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னும் சத்தமாக அழுதேன். அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பிறகென்ன, பந்தியில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். மாமாவின் முகம் சிவந்துவிட்டது. எழுந்து போகக்கூடிய ஆள்தான், போக முடியவில்லை. இரண்டு காதும் குத்தி முடியும்வரை தாய்மாமன் பிள்ளையை மடியிலிருந்து இறக்கக் கூடாது. ஒரு கையால் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். நின்றுகொண்டு கத்திய அப்பா கால் வலித்ததோ என்னவோ, பக்கத்தில் குந்திக்கொண்டு கத்தினார். அப்புறம் நன்றாகவே உட்கார்ந்துவிட்டார். "அவன் துரோகியாவே இருந்தாலும், நடு ஆத்துல உட்டுட்டு வர முடியுமா மாமா?" என்று மாமா கேட்டார். அப்பா தாம்பாளத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை உரித்துப் பாதியை மாமாவிடம் நீட்டினார். மாமா வாங்கித் தின்றுகொண்டே அடுத்த காட்சிக்குப் போனார்.

எனக்கு ஒரு காது நெருப்பாக எரிகிறது. இன்னொரு காது மொட்டை. ஒற்றைத் தோட்டோடு பள்ளிக்கூடம் போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. நல்லவேளை, பத்தர் இரண்டாவது ஊசியை எடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"கொஞ்சம் இருங்க பத்தரே. ஒரு காபி குடிங்க."

"இப்பதான் குடிச்சேன்மா. நேரம் போவுது, பாப்பா அழுவுது."

"அழுதா அழட்டும். நீங்க அந்தக் காதையும் குத்திட்டா எந்தம்பி எழுந்து பூடுவான்" என்றாள் அம்மா மெதுவாக. அவள் கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. போனால் போகட்டுமே, எனக்குத் தோடு போட்டாகிவிட்டால் அப்புறம் மாமா எதற்கு என்று நினைத்தேன்.